பதினொரு நிமிடம்

க்ரிம்ஸ்பியில், மீன் வறுக்கும் கடைக்கு மேல்மாடியில்
மாதத்தின் இரண்டாம் வியாழன் கூடுவோம்.
படியேறி முடிப்பதற்குள் கோட்டில் எண்ணெய் வாசம் ஏறிவிடும்.
ஆளுக்கு இரண்டு பவுண்டு, தேநீருக்கும் ஹீட்டருக்கும்.
தகர டப்பாவோடு வாசலில் நிற்பவன் நான்.

அன்று புது அத்தியாயம்.
பதினொரே நிமிடம். சிரிப்புக்காக எடுத்தார்களாம்.
முப்பத்தொரு வருடம் ஓடிய 'தொலைவெல்லை'யில்
அதுவரை ஒருவரும் தும்மியதுகூட இல்லை.

கதை இவ்வளவுதான்.
மூன்று கிரகங்களைச் சாம்பலாக்கிய ஊஸ்மர் பேரரசன்
சமாதானம் பேசக் கப்பலுக்கு வருகிறான்.
விருந்தில் அவன் போர் அங்கியில்
பீட்ரூட் சூப் கொட்டிவிடுகிறது.
நள்ளிரவில், மெய்க்காவலருக்கும் தெரியாமல்,
சலவை அறைக்கு இறங்குகிறான்.
இயந்திரம் கேட்கிறது:
கம்பளியா, பருத்தியா, மென்துணியா?
தன் பட்டங்கள் பதினேழையும் முழங்குகிறான்.
இயந்திரம் மறுபடி கேட்கிறது:
கம்பளியா, பருத்தியா, மென்துணியா?

முதலில் சிரித்தவள் யாட்விகா.
மீன் ஆலையின் இரவு ஷிப்டுக்குக் கிளம்பி வந்தவள்,
வெள்ளை ரப்பர் பூட்ஸும் கழற்றவில்லை.
சத்தமே இல்லாமல் தொடங்கி, நாற்காலி குலுங்கி,
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.
"இந்த ஊருக்கு வந்த முதல் வாரம்
லாண்டரியில் இதே கேள்வி, தெரியாத மொழியில்.
என்னிடம் பட்டம்தான் இல்லை."

நெவில் ஸ்டாக்டேல் சிரிக்கவில்லை.
தொலைவெல்லையைக் கரைத்துக் குடித்தவர்.
அவருடைய பச்சை அட்டைப் பேரேட்டில் எல்லாம் உண்டு:
எந்தக் கப்பலில் எத்தனை கதவு,
எந்த நிலவுக்கு யார் பெயர்,
யாருடைய எந்தக் கை எந்தப் போரில் போனது.
"இடது கை" என்றார்.
திரையில் பேரரசன் இடது கையால்
பொத்தானைக் குத்திக்கொண்டிருந்தான்.
"நான்காம் தொடர், ஒன்பதாம் அத்தியாயம். தோளோடு போனது.
நான் அழுதேன். நீங்களும்தான்."
அழுதது உண்மை. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தரையைப் பெருக்கிய அங்கி
குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கி வெளியே வந்தது.
காலையில் அதையே மாட்டிக்கொண்டு,
முழங்கை தெரிய, தொப்புள் தெரிய,
ஒப்பந்த மேசைக்கு வருகிறான்.
அவையில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை.
கேப்டன் ஒரு கணம் பார்க்கிறாள்.
பிறகு தன் சீருடையின் கைகளை
முழங்கைவரை மெல்லச் சுருட்டிக்கொள்கிறாள்.
கையெழுத்தாகிறது. முடிந்தது.

விளக்கைப் போட்டோம். சண்டை தொடங்கியது.
"எதிரியைக் கோமாளியாக்கிவிட்டால்
நான் பயந்த பயமெல்லாம் எந்தக் கணக்கில்?"
இது ரெஜினல்ட்; எட்டு வயதில்
ஊஸ்மர் கனவில் வந்து படுக்கையை நனைத்தவர்,
அதைப் பெருமையாகவே சொல்பவர்.
"வார்டில் எல்லாருக்கும் முதுகு திறந்த அங்கிதான்.
நீதிபதியும் அதில்தான் நடப்பார்" என்றாள்
செவிலி தெண்டாய். வேறொன்றும் சொல்லவில்லை.
பதினாறு வயது இமோஜனுக்கோ ஒரே கவலை:
அந்த இயந்திரம் அடுத்த தொடரில் வருமா?

நெவில் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.
பேரேடு நாற்காலியிலேயே கிடந்தது.
மறுநாள் மழையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கதவிடுக்கில் வாங்கிக்கொண்டார், நன்றி இல்லாமல்.

அடுத்த மாதம் இமோஜன் அட்டைப்பெட்டிக்குள் புகுந்து
சலவை இயந்திரமாக வந்தாள்; படியில் சிக்கிக்கொண்டாள்.
அவளை மூன்று பேர் இழுத்துக்கொண்டிருக்க,
நெவில் என்னிடம் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார்.
மையால் நிறைந்த பேரேட்டில் முதல்முறையாகப் பென்சில்:
"இடது கை: திரும்ப முளைத்திருக்கிறது. காரணம் தெரியவில்லை.
சிரித்தேன். வீட்டில், வெள்ளிக்கிழமை, ஒரு தடவை."

என்ன சொல்வதென்று தெரியாமல் டப்பாவை நீட்டினேன்.
"இரண்டு பவுண்டு."
நெஞ்சை நிமிர்த்தினார்.
"நெவில் ஆர்தர் ஸ்டாக்டேல்,
ஒன்பதாம் எண் பேருந்தின் ஓய்வுபெற்ற ஓட்டுநர்,
பச்சைப் பேரேட்டின் காவலன்,
மூன்று பூனைகளுக்கு அதிபதி..."

நான் மறுபடி கேட்டேன்:
இரண்டு பவுண்டு.